குத்துச்சண்டையா, எம்.எம்.ஏ.வா?

சிராவயல் மஞ்சுவிரட்டில் துணிச்சல் காட்டும் காரைக்குடிப் பையன்கள் சிலர் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். எம்.எம்.ஏ. என்பது குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு.

வருமானம்: குத்துச்சண்டையில் பதக்கம் வாங்கினால் ரயில்வே, ராணுவம் என மாதச் சம்பளத்துக்கு வழி உண்டு. எம்.எம்.ஏ.வில் மோதினால்தான் பணம். எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் பெரிய நிறுவனமான யூ.எப்.சி.யின் தொடக்க ஒப்பந்தங்களில், வென்றால் கிடைப்பதில் பெரும்பாலும் பாதிதான் தோற்றால் கிடைக்கும். பயிற்சியாளர் பங்கு போக மிஞ்சுவதை எண்ணிப் பாருங்கள்.

உடம்பு: குத்துச்சண்டையில் 10 அல்லது 12 அவுன்ஸ் கையுறை. எம்.எம்.ஏ.வில் விரல் தெரியும் 4 அவுன்ஸ். முழங்கை அடியும் உண்டு. எடை குறைக்கும் வாரத்தில் வீட்டில் உப்புக்கறி மணந்தால் இருவருக்குமே சோதனைதான்.

பெயர்: ஒலிம்பிக்கில் எம்.எம்.ஏ. இல்லை. ஆனால் 2024இல் பூஜா தோமர் யூ.எப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

நிலையான வேலை வேண்டுமென்றால் குத்துச்சண்டை. மல்யுத்தப் பிடியும், சில ஆண்டுகள் தாங்கும் குடும்பமும் இருந்தால் எம்.எம்.ஏ.; அதற்குப் பெருநகரத்துக்கு மூட்டை கட்ட வேண்டியிருக்கும்.