டீமுக்கு நாமளே மார்க் போட எந்த மாடல்? சீஎம்எம்ஐ, ஐஎஸ்ஓ 9004, பிரிட்டன் சட்டகம், சீஎம்எம்சி

நம்மட டீம்ல கொஞ்சப்பேர் கல்லடி, மத்தாக்கள் கல்முனை, அக்கரைப்பத்து பக்கம், எல்லாருக்கும் வீட்டில இருந்துதான் வேலை. வெளிநாட்டு ராணுவங்களுக்கு சாமான் சப்ளை பண்ற கம்பெனி ஒண்டுக்கு ஐட்டம் விபரம், ஸ்பெக், கோட் நம்பர் எல்லாத்தையும் ஒரே சீரா ஆக்கிக் குடுக்கிறம் (ஆயுதம் ஒண்டும் இல்ல, பூட்ஸ், கூடாரம், போல்ட் நட்டு, அவ்வளவுதான். எங்கட பக்கம் இத முதல்ல சொல்லாட்டி ஆக்கள் ஒரு மாதிரிப் பாப்பாங்க). இப்ப அவங்க "உங்கட டீம் எந்த லெவல்ல நிக்குது எண்டு நீங்களே மதிப்பிட்டு அனுப்புங்க" எண்டு கேக்கிறாங்க, எந்த மாடல்ல (வேலை எவ்வளவு ஒழுங்கா நடக்குது எண்டு படிப்படியா அளக்கிற அளவுகோல்தான் மாடல்) எண்டு மட்டும் சொல்லல்ல. டீமுக்குள்ள ஆளாளுக்கு ஒரு பேர் சொல்றாங்க, அதான் எல்லாத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தன்.

முதல்ல சீஎம்எம்ஐ, பெரிய பேர். அமெரிக்க பாதுகாப்புத் திணைக்களத்தின்ட காசில 1984ல கார்னெகி மெலன் யுனிவர்சிட்டியில சொஃப்ட்வெயார் இன்ஜினியரிங் இன்ஸ்டிடியூட் தொடங்கினாங்க, விமானப்படைக்கு சொஃப்ட்வெயார் செஞ்சு குடுக்கிற கொன்ட்ராக்டர்மார்ல யார நம்பலாம் எண்டு பிடிக்க ஒரு அளவுகோல் தேவைப்பட்டுச்சு, அங்க வேலை செஞ்ச வொட்ஸ் ஹம்ஃப்ரி ஆக்கள் 1987ல கேள்விப்பட்டியல் ஒண்டு போட்டாங்க, 1991ல அது சீஎம்எம் எண்ட முதிர்ச்சி (மெச்சூரிட்டி) மாடல் ஆகி பிறகு சீஎம்எம்ஐ ஆகிச்சு. கவனிச்சீங்களா, இது வாங்கிறவன் விக்கிறவன அளக்கிறதுக்கு செஞ்சது, டீம் தன்னத்தானே பாக்கிறதுக்கு இல்ல. கொள்வனவு பக்கத்துக்கெண்டே தனியா ஒண்டு 2007ல வந்தது, அதின்ட 2010 பதிப்பு இலவசமா எடுக்கலாம், எங்கள மாதிரி ஆக்களுக்கு அத வாசிச்சாலே பாதிக் காரியம் முடிஞ்சுது. 2016ல இருந்து எல்லாம் இசாக்கா எண்ட தொழில்சார் அமைப்பின்ட கையில, புதுப் பதிப்புக்கு காசு கட்டணும்.

இதில எனக்குப் பிடிக்காத விஷயம் முழு டீமுக்கும் ஒரே ஒரு நம்பர் போடுறது. அந்த 2010 பதிப்பில ரெண்டு வழி கிடக்கு, ஒண்டு எல்லாத்தையும் சேத்து 1ல இருந்து 5 வரைக்கும் ஒரு லெவல், மற்றது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி லெவல். நீங்க ரெண்டாவத எடுங்க. எங்கட வேலையில ஸ்பெக் எழுதிறது நல்லா ஓடும், ஆனா சப்ளையர் "இந்த தரம் கிடைக்கல்ல, வேற தரலாமா" எண்டு கேட்டு விலக்கு வாங்கிறானே, அந்த விலக்குப் பதிவு எப்பவும் நொண்டும். ஒரே நம்பருக்குள்ள இது ரெண்டையும் போட்டா யாருக்கு என்ன விளங்கும்?

லெவல் எப்பிடி ஏமாத்தும் எண்டு கிட்டவா காட்டுறன். நேட்டோ ஸ்டொக் நம்பர் (ராணுவ சாமானுக்குப் போடுற கோட்) 13 இலக்கம், முதல் 4 சாமான் வகுப்பு, அடுத்த 2 நாடு, மிச்ச 7ம் அந்த ஐட்டத்துக்கு. 8430 எண்டா ஆம்பிளையள்ட பாதணி, 8340 எண்டா கூடாரமும் தார்ப்பாயும். நடுவில ரெண்டு இலக்கத்த மாத்தி அடிச்சா பூட்ஸ் போய் கூடாரத்துக்குள்ள குந்தியிரும், எல்லா ஃபோர்மட் செக்கிலயும் பாஸ் ஆகும், ஏனெண்டா ரெண்டும் சரியான வகுப்புத்தானே. எங்கட ஒன்லைன் கூட்டத்தில அந்த 1ல இருந்து 5 அளவுகோல வச்சு "கோட் சரிபாக்கிறதுக்கு எத்தின?" எண்டு கேக்க ஆக்கள் எல்லாம் 4 எண்டாங்க. டீம்ல மூத்தவர் அக்கரைப்பத்து நானா ஒராள், அவர் சொன்னார், "நாலு எண்டா கணக்கு வச்சு கட்டுப்படுத்துறது, போன மாசம் எத்தின பிழை பிடிச்சீங்க, ஷீட்ட திறங்க பாப்பம்." ஷீட் இல்ல. செக் பண்றது உண்மை, நல்லாத்தான் பண்றாங்க, ஆனா எண்ணி எழுதல்ல, அப்ப அது 4 இல்ல, 3 எண்டாலே பெரிய விஷயம். தன்ட சோதனைப் பேப்பர தானே திருத்தினா கை தாராளமாத்தான் போகும்.

இந்த இடத்தில ஐஎஸ்ஓ 9004 (தர நிர்வாகத்துக்கான சர்வதேச வழிகாட்டல்) கொஞ்சம் நேர்மையான சாமான். 9001க்கு செட்டிஃபிகேட் குடுப்பாங்க, 9004க்கு செட்டிஃபிகேட்டே இல்ல, அதனால பொய் சொல்ல ஆசையும் குறைவு. சுயமதிப்பீட்டு அட்டவணை பின்னிணைப்பிலயே கிடக்கு, கடைசியா 2018ல புதுப்பிச்சாங்க, அஞ்சு லெவல். இடையில ஓட்டை இல்லாம எதுவரைக்கும் வந்தியோ அதுதான் உன்ட லெவல், மேல ரெண்டு விஷயம் செஞ்சிட்டன் எண்டு கீழ விட்டதத் தாண்ட ஏலாது. குறை என்னெண்டா தலைமைத்துவம், வளம், கலாச்சாரம் எண்டு முழு நிறுவனத்தையும் பத்தித்தான் கதைக்கும், சின்ன டீமுக்கு பாதி வரி பொருந்தா.

பிரிட்டன்காரன்ட சட்டகம் பேருக்கு அவ்வளவு அடிபடாது, ஆனா எனக்கு இதுதான் விருப்பம். அரசாங்கக் கொள்வனவுக்கு அவங்கட தரநிலை கவ்எஸ் 008, அதோட சேந்த மதிப்பீட்டுச் சட்டகம். நம்பரே இல்ல, வளருது, நல்லது, அதவிட நல்லது, மிகச்சிறந்தது எண்டு நாலு நிலை, ஒவ்வொண்டுக்கும் கீழ என்ன செஞ்சா அந்த நிலை எண்டு வாக்கியமா எழுதிக் கிடக்கு, இலவசம். வாக்கியமா இருந்தா ஆக்கள் சண்டை பிடிக்கிறது "நாங்க இத செய்யிறமா இல்லையா" எண்டுதான், "மூணா நாலா" எண்டு இல்ல. கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில), பிரதேச சபையில கொள்வனவு பாக்கிற ஆக்களுக்கும் நான் இதத்தான் காட்டுவன், 2025 ஜனவரி 1ல இருந்து நம்மட இலங்கைத் தேசிய கொள்வனவு ஆணைக்குழுவின்ட புது வழிகாட்டல் வேற நடைமுறைக்கு வந்திட்டு, அதின்ட விதிகள அப்பிடியே இந்த மாதிரி வாக்கியமா மாத்தி எழுதலாம்.

சீஎம்எம்சி வேற ஜாதி, பேர்ல மெச்சூரிட்டி எண்டு இருக்கிறதால இங்க கொண்டு வாறாங்க. இது சைபர் பாதுகாப்புக்கு மட்டும், அமெரிக்க டிஃபென்ஸ் கொன்ட்ராக்ட் எடுக்கிறவனுக்கு. 2020ல அஞ்சு லெவல், 2021ல மூணாக் குறைச்சாங்க, 2025 நவம்பர் 10ல இருந்து கொன்ட்ராக்ட்டுக்குள்ளயே வருது. முதலாம் லெவல் 15 விஷயம், வருஷா வருஷம் தானே பாத்து மேலதிகாரி ஒப்பம் வச்சு உறுதிப்படுத்தணும், பொய் எண்டா வழக்கு வரும். ரெண்டாம் லெவல் 110 விஷயம், சிலருக்கு சுயமதிப்பீடு காணும், மற்றவங்களுக்கு வெளி ஆள் வந்து பாக்கணும். இங்க மார்க் போடுற முறையத்தான் நான் களவெடுப்பன்: 110ல தொடங்கி, இல்லாத ஒவ்வொண்டுக்கும் அதின்ட பாரத்துக்கு ஏத்த மாதிரி 5, 3, 1 எண்டு கழிப்பாங்க, எல்லாம் விட்டா மைனஸ் 203 வரைக்கும் போகும். எத முதல்ல திருத்தணும் எண்டு மார்க்கே சொல்லித்தருது பாருங்க, சீஎம்எம்ஐ லெவல் அத சொல்லாது. எங்கட வேலைக்கு வகுப்பு இலக்கம் பிழைச்சா 5, விலக்குப் பதிவு இல்லாட்டி 5, ஃபைல் பேர் ஒழுங்கில்லாட்டி 1 எண்டு நாங்களே வச்சுக்கலாம்.

பாட்டுக் கம்பெனி ஸ்பொட்டிஃபை 2014ல வெளியிட்ட சிவப்பு, மஞ்சள், பச்சை டீம் ஹெல்த் செக்கையும் ஒராள் சொன்னார். மனசில உள்ளத வெளிய எடுக்க நல்லது, ஆதாரம் கேக்காது, வெளிய அனுப்ப ஏலா. டீஆர்எல்லும் ஒராள் கேட்டார், நாசாவின்ட ஒம்பது படி, அது தொழில்நுட்பம் பழுத்திட்டா எண்டு பாக்கிறது, டீமப் பாக்கிறது இல்ல.

ஆக எங்கட முடிவு இதுதான்: பிரிட்டன் மாதிரி வாக்கியம், ஒவ்வொரு வேலைக்கும் தனி நிலை, பக்கத்தில "எந்த ஷீட், எந்தத் திகதி" எண்டு ஒரு கட்டம், கட்டம் காலி எண்டா ஒரு நிலை கீழ. பாரம் போட்ட மார்க் டீமுக்குள்ள மட்டும், கம்பெனிக்குப் போகாது, ஏனெண்டா நம்பர் ஒண்டு வெளிய போனா அடுத்த வருஷம் அது கூடத்தான் வேணும் எண்டு கேப்பாங்க, ஆக்களும் கூட்டித்தான் போடுவாங்க. அவங்களுக்கு வாக்கியத்தையும் ஆதாரத்தையும் அனுப்புவம். கட்டாயம் ஒரு நம்பர்தான் வேணும் எண்டு திருப்பி எழுதினா, எல்லாத்திலயும் குறைஞ்ச நிலையப் போட்டு அனுப்புறது எண்டு நானா சொல்லிட்டார், அதில ரெண்டு பேருக்கு இன்னும் சம்மதம் இல்ல.