கொடி ஆடா கன்னி ஆடா, சாயல்குடி பக்கம் எது வாங்கலாம்

நம்ம ராமநாதபுரம் கடற்கரை ஓரத்துக்கு இந்த ரெண்டு ஆட்டு இனமுமே சரிதான், வெயிலும் உடைமுள்ளும் ரெண்டுக்கும் பழக்கம். ஆனா எனக்குக் கேட்டா கொடிதான். நெட்டக்கால், நீளக் கழுத்து, வெள்ளை உடம்புல கருப்புத் தெறிச்சிருந்தா கரும்போரை, செவலை தெறிச்சிருந்தா செம்போரை. அந்தக் காலு உயரத்துக்கு மரத்துல முன்னங்கால வச்சு எட்டி மேயும், சீமைக்கருவேல நெத்து உதிர்ற மாசத்துல நாள் பூரா நடந்தாலும் அசராது.

கன்னி கருப்பு, முகத்துல கொம்படியில இருந்து மூக்கு வரை ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு ஓடுனா பால்கன்னி, செவலக் கோடுன்னா செங்கன்னி. பாக்க லட்சணம், மந்தையா ஒரே நிறத்துல நின்னா சந்தையில கண்ணு அங்கதான் போகும் (வெலையும் ஏத்தித்தான் சொல்லுவான்). ரெட்டைக்குட்டி ரெண்டுலயும் வரும், அத வச்சு முடிவு பண்ணாதீங்க, தாயோட பால பாருங்க.

எதுன்னாலும் வாயத் தொறந்து பல்லப் பாத்துட்டுத்தான் காசு. ரெண்டு பல்லுன்னா (பால்பல்லு விழுந்து மொளச்ச நிலைப்பல்லு ரெண்டு) ஒண்ணே கால் வயசு சுமாருக்கு இருக்கும், பொட்டை வாங்க அதான் பருவம். எட்டுப் பல்லும் தேஞ்சு கெடந்தா வேண்டாம். கீழ் இமைய லேசா இழுத்துப் பாருங்க, செவப்பா இருக்கணும், வெளுத்திருந்தா குடல்புழு ரத்தத்தக் குடிச்சிருக்கு. நான் போன தடவை அத பாக்காம ஒரு செங்கன்னி வாங்கி, மழைக்காலத்துல புழு மருந்துக்கே அலஞ்சேன். கெடான்னா விதை ரெண்டும் ஒரே அளவு இருக்கான்னு கையால தடவிப் பாத்துருங்க.