பகலில் மட்டும் வரும் இரைச்சலும் ஐந்து கருப்பு வளையங்களும்

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு மின்வாரிய இணைப்பு கிடையாது. கூரைமேல் இருக்கும் இரண்டு நூறு வாட் பேனல்களும், 12 வோல்ட் பேட்டரி ஒன்றும், பேனலிலிருந்து அதிகபட்ச மின்திறனை எடுத்துப் பேட்டரியில் ஏற்றும் 20 ஆம்பியர் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்றும்தான் அங்கே எல்லாவற்றுக்கும் ஆதாரம். விளக்கும் விசிறியும் குறையின்றி ஓடின. ஆனால் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) உரிமம் வைத்திருக்கும் எனக்கு 40 மீட்டர், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ், அலைவரிசை பகல் முழுவதும் உதவாமல் போயிற்று. பேனலில் வெயில் பட்டதும், ரேடியோவுக்கு வரும் சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரின் முள் 3-லிருந்து 8-க்கு ஏறும். மேகம் மறைத்தால் சற்றுத் தணியும். அந்தி சாய்ந்தால் அடங்கிவிடும். அப்பா கேட்கும் திருநெல்வேலி வானொலியிலும், 1197 கிலோஹெர்ட்ஸில், அதே கரகரப்பு. பேனல்கள்மேல் தார்ப்பாயை விரித்துப் போட்டதும் இரண்டிலும் சத்தம் நின்றுவிட்டதால் குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை. அந்த இரைச்சலை அடக்க நான் வாங்கிய ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) வளையங்களைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் பேனலின் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் பேட்டரிக்கு ஏற்ற அழுத்தமாக மாற்றுகிறது. அந்த வெட்டுகளின் மடங்கு அலைவெண்கள் 7 மெகாஹெர்ட்ஸையும் தாண்டிப் போகின்றன. உள்ளே ஒழுங்கான வடிகட்டி இருந்தால் அவை பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும். நான் வாங்கிய கன்ட்ரோலரில், பெயர் வேண்டாம், அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கூரைவரை ஓடும் கம்பி அந்த இரைச்சலுக்கு நல்ல ஆன்டெனாவாகிவிட்டது.

முதலில் கம்பிமேல் மாட்டும் கிளிப் வகை ஃபெரைட் மணிகளை ஆறு வாங்கி மாட்டினேன். முள் அசையவே இல்லை. கம்பி ஒரே ஒரு முறை நுழைந்து போகும் மணியால் இந்த அலைவெண்ணில் பெரிதாக ஒன்றும் நடக்காது என்பதைக் காசு கொடுத்துக் கற்றேன். அடுத்து வாங்கியவைதான் இங்கே மதிப்பிடும் பொருள்: '31' என்ற எண்ணால் அறியப்படும் வகைக் கலவையில் செய்த, 61 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபெரைட் வளையங்கள் ஐந்து. ஒரே வளையத்தில் கம்பியை ஆறு சுற்றுச் சுற்றினால் தடை ஆறு மடங்கல்ல, ஏறத்தாழ முப்பத்தாறு மடங்காகிறது என்பதுதான் இவற்றின் பலம்.

பிளஸ், மைனஸ் கம்பிகள் இரண்டையும் சேர்த்தே சுற்ற வேண்டும். அப்போதுதான் பேனலின் நேர்மின்னோட்டம் போவதும் வருவதுமாகத் தன் காந்தப்புலத்தைத் தானே ரத்து செய்துகொள்ளும்; இரு கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடும் இரைச்சல் மட்டும் தடைபடும். ஒரு கம்பியை மட்டும் சுற்றினால் வளையம் தாங்கக்கூடிய காந்தப்புலம் முழுவதும் நிரம்பி, அது பயனற்றதாகிவிடும். 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கம்பியை வளைக்க விரல் நோகும். ஒவ்வொரு வளையமும் அரை மீட்டர் கம்பியைத் தின்றுவிடும். பேனல் பக்கம் இரண்டு வளையங்களை, கன்ட்ரோலரை ஒட்டியே, மாட்டியதும் முள் 5-க்கு இறங்கியது. பேட்டரி பக்கமும் இரண்டு மாட்டி, கூரைக்குப் போகும் இரு கம்பிகளையும் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிவிட்டபின் 4-ல் நின்றது. ஓர் எஸ் அளவு என்பது 6 டெசிபெல் என்பதால், இரைச்சலின் மின்னழுத்தம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. வளையங்கள் சற்றும் சூடாகவில்லை.

குறைகளும் உண்டு. 31 வகையும் 43 வகையும் பார்வைக்கு ஒரே கருப்பு. மேலே எந்தக் குறியும் இல்லாததால் விற்பவர் சொல்வதை நம்பித்தான் வாங்க வேண்டும். பழைய கணினி மின்பெட்டியில் கிடைக்கும் மஞ்சள்-வெள்ளை வளையம் இரும்புத்தூளால் ஆனது. இலவசம் என்று அதைச் சுற்றிப் பார்ப்பவர்கள் உழைப்பை வீணாக்குகிறார்கள். விலையும் அதிகம்தான்: ஒரு வளையத்தின் விலைக்கு பி.டபிள்யூ.எம். என்ற எளிய வகையைச் சேர்ந்த மலிவான கன்ட்ரோலர் ஒன்றையே வாங்கிவிடலாம். மெதுவாக வெட்டும் அவற்றில் பல ரேடியோவுக்கு அமைதியானவை. 12 வோல்ட் பேனலுக்கு மின் இழப்பும் பொறுத்துக்கொள்ளக் கூடியதே. முதலிலேயே அதை வாங்கியிருக்கலாமே என்று கேட்பவரிடம் எனக்கு வாதமில்லை.

இன்வெர்ட்டர் ஓடும்போது எழும் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஐந்தாவது வளையம் கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்து, பீங்கான் கிண்ணம்போல் இரண்டாகப் பிளந்துவிட்டது. வேறொன்று வாங்கும்வரை, ரேடியோவைப் போடும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிடுகிறேன்.