வாக்ஸ் பாத் வாங்கலாமா? ஸ்கிளிரோடெர்மா கைகளுக்கு ஒரு மதிப்பீடு

ஸ்கிளிரோடெர்மாவில் தோலோடு உள்ளுறுப்புகளையும் இறுக்கும் வகைதான் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ். அது பல வருடம் நீடித்தவர்களின் இயலாமைக்கு நுரையீரல், குடல், மூட்டுவலி எல்லாமே காரணம்தான். ஆனால் சாதம் பிசைவதையும் பொத்தான் மாட்டுவதையும் தடுப்பது கை. இயலாமையை அளக்கும் ஹெச்ஏக்யூ கேள்வித்தாளின் 8 பிரிவுகளில் உடுத்துவது, உண்பது, பிடிப்பது ஆகியவையும் உண்டு. தோல் இறுகினால் விரல் தொடங்கும் மூட்டு மடங்காது, நடுமூட்டு நிமிராது, கட்டைவிரல் விலகாது.

இதற்கு, உருகிய சூடான மெழுகில் கையை முக்கி எடுக்க வீட்டில் வைத்துக்கொள்ளும் மின்தொட்டிதான் வாக்ஸ் பாத். ஆழத்தைவிட வாய் அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள்: மடங்கிய விரல் பக்கச் சுவரில் இடித்தால் சுடும். அடியில் சல்லடைத் தட்டு இருப்பது நல்லது. தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானியும் வையுங்கள். 50 முதல் 54 டிகிரி செல்சியஸ் போதும். விரல் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது, அதனால் கை வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. வெறும் மெழுகைவிட, 7 பங்கு மெழுகுக்கு 1 பங்கு லிக்விட் பாரஃபின் (மினரல் ஆயில்) கலந்தால் குறைந்த சூட்டிலேயே உருகி நிற்கும். அடுப்பில் உருக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

மோதிரத்தைக் கழற்றி, கையைக் கழுவி, ஈரம் போகத் துடைக்கவும். ஒரு துளி தண்ணீர் மாட்டிக்கொண்டாலும் அந்த இடம் வெந்துவிடும். விரல்களை அசைக்காமல் முக்கி எடுத்து, மெழுகு மங்கியதும் மறுபடி முக்கவும். 6 முதல் 10 முறை. அடுத்தடுத்த முக்கல் முதல் படலத்தின் விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினாலோ, விரல் அசைந்து படலம் வெடித்தாலோ, சூடு மெழுகு உள்ளே இறங்கும். பிறகு பிளாஸ்டிக் உறை, மேலே டவல், 15 முதல் 20 நிமிடம். உரித்ததும் ஃபேனுக்கு அடியில் உட்காராதீர்கள். ரேனாட் (குளிரில் விரலின் ரத்த ஓட்டம் குறையும் நிலை) உள்ளவருக்கு விரல் மீண்டும் வெளுத்துவிடும்.

உண்மையான வேலை அப்புறம்தான். விரல் தொடங்கும் மூட்டை மடக்கி, நடுமூட்டை நிமிர்த்தி, கட்டைவிரலை விலக்கி, ஒவ்வொன்றையும் 10 விநாடி மென்மையாகப் பிடிக்க வேண்டும். 2004-இல் வெளியான ஒரு சிறிய ஸ்வீடன் ஆய்வில், பயிற்சி மட்டும் செய்த கையைவிட மெழுகும் சேர்த்த கை நன்றாகத் தேறியது. 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்விலோ, பயிற்சியோடு மெழுகைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே இயந்திரம் பயிற்சியை இலகுவாக்கும் துணை மட்டுமே. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

விரல்நுனியில் புண், சீழ், வெள்ளைச் சுண்ணாம்பு கசியும் கட்டி இருந்தால் வேண்டாம். உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. மெழுகில் தோல் துகள் படியும், நிறம் மாறினால் மொத்தமாக மாற்றிவிடுங்கள். ஒரே தொட்டியை வீட்டில் பலர் பகிர்வதும் சரியில்லை. முதல்முறை உருக மணிக்கணக்கில் ஆகும், அடிக்கடி மின்வெட்டு உள்ள ஊரில் அது ஒரு தொல்லை. அங்கே, புண் இல்லாதவர்கள் ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துவிட்டு அதே பயிற்சியைச் செய்யலாம், செலவே இல்லை.