கனடா வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் நிற்பவர்கள் கவனம்: 385 டொலரும் போய், பைப்பும் வெடித்தது

385 கனடா டொலர். இலங்கைக் காசில் எண்பதாயிரத்துக்கு மேல். குளிரில் பைப் வெடிக்காமல் வீட்டைத் தயார் செய்ய ஒரு செயலியில் பிடித்த ஆள், அதை வாங்கிக்கொண்டு ஒரு வால்வைக்கூடத் திருப்பாமல் போயிருக்கிறான். இன்று ரொறன்ரோவில் எங்கள் ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்டில் தண்ணீர் நிற்கிறது. நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு போனைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

அம்மா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது என்று செய்தி வந்ததும் கிடைத்த விமானத்தில் குடும்பத்தோடு ஏறி வந்தோம். நவம்பர் கடைசி. வழக்கமாக வெளிப் பைப்புகளை நானே அடைத்துவிடுவேன். இந்த முறை அதற்கு நேரம் இருக்கவில்லை. அதனால் இங்கே வந்து சேர்ந்த கையோடு, வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலியில் தேடினேன். செயலியின் பெயரை இப்போது எழுதவில்லை, காப்புறுதி விவகாரம் இன்னும் முடியவில்லை. குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்து தருவோம் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டு வெளிப் பைப்பையும் உள்ளே அடைத்துத் தண்ணீரை வடிப்பது, கராஜ் சுவரில் ஓடும் பைப்புக்கு நுரை உறை போடுவது, மெயின் வால்வை மூடுவது, எல்லாவற்றுக்கும் படம் அனுப்புவது. மொத்தம் 385 டொலர், முழுவதும் முன்பணம்.

அவர்கள் அனுப்பிய ஆள் நல்ல தமிழில் கதைத்தான். வட்ஸ்அப்பில் வீடியோவில் வந்தான். கராஜ் கதவைத் திறக்கும் இலக்கத்தைக் கேட்டு, வீட்டு முன்பக்கத்தைக் காட்டி, "இதுதானே அண்ணா உங்கட வீடு?" என்றான். பிறகு அம்மாவைப் பற்றி விசாரித்தான். எந்த ஆஸ்பத்திரி, சத்திரசிகிச்சை முடிந்ததா, நடக்கிறாவா என்று. தன் அம்மாவும் ஊரில் தனியாகத்தான் இருக்கிறா என்றான். "நீங்கள் அம்மாவைப் பாருங்கோ அண்ணா, வீட்டை நான் பார்க்கிறன்." அந்த ஒரு வார்த்தைதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது. அதை நினைத்தால் இப்போது வருகிற கோபம் 385 டொலருக்கான கோபம் மட்டும் இல்லை. ஒரு மனுசன் தாயைப் பார்க்க ஓடி வந்த நேரத்தைப் பார்த்து அவனிடம் காசு பறித்திருக்கிறான்.

அன்றே படங்கள் வந்தன. வெளிப் பைப்புக்கு நுரை மூடி போட்ட படம். சிவப்புக் கைப்பிடி வால்வு மூடியிருக்கும் படம். செயலியில் 'வேலை முடிந்தது' என்று வந்தது.

ஜனவரியில் ரொறன்ரோவில் கடும் குளிர் பிடித்தது. நுவரெலியாவில் புல்லில் விழும் உறைபனியைப் பார்த்தவர்கள் இதை அதுபோல நினைக்க வேண்டாம். அது வெயில் ஏறினால் போய்விடும். அங்கே நாட்கணக்காகப் பூச்சியத்துக்குக் கீழேதான் நிற்கும், சில இரவுகளில் கழித்தல் 20க்கும் போகும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவடைகிறது. பைப்புக்குள் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய வாய்க்கும் இடையில் அகப்பட்ட தண்ணீரின் அழுத்தம் ஏறி, செம்பானாலும் பிளந்துவிடும். பிளந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. குளிர் குறைந்து பனி இளகும்போதுதான் சுவருக்குள் இருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கும்.

எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. கடிதங்களை எடுக்கப் போன மச்சான் கதவைத் திறந்தபோதே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டிருக்கிறது. கீழே கம்பளம், சுவர்ப் பலகை, பிள்ளைகளின் புத்தகப் பெட்டிகள் எல்லாம் நனைந்து கிடந்தன. அவன் மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் எனக்கு எடுத்தான். அதாவது மெயின் வால்வு அவ்வளவு நாளும் திறந்தே இருந்திருக்கிறது! பின்பக்கப் பைப்பில் தோட்டத்து ஹோஸ் கழற்றாமல் அப்படியே தொங்கியது. ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடியவே வடியாது, உறையாத வகைப் பைப் என்று விற்பதுகூட அப்படி விட்டால் வெடிக்கும். அதன்மேல் அந்த நுரை மூடியும் இல்லை. கராஜ் பைப்பிலும் உறை இல்லை. எங்கள் வீட்டு வால்வுக்குச் சிவப்புக் கைப்பிடியே கிடையாது, மஞ்சள் நெம்புப் பிடி. அனுப்பிய படங்கள் வேறு யாருடைய வீட்டிலோ எடுத்தவை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. வேலைக்கு வந்தவன் என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டான். செயலிக்கு எழுதினால் முதலில் ஒரு இயந்திரம் மன்னிப்புக் கேட்டது. பிறகு ஒருவர், 'வேலை முடிந்தது என்று பதிவாகியிருக்கிறது, முறைப்பாட்டுக் காலம் தாண்டிவிட்டது' என்றார். அடுத்தவர், 'அவர் எங்கள் ஊழியர் அல்ல, நாங்கள் இணைத்துவிடுவது மட்டும்தான்' என்றார். காசு வாங்கும்போது அவர்களுடைய கணக்குக்குத்தானே போனது? அதற்குப் பதில் இல்லை. போனில் பிடிப்பதென்றால் அங்கே காலை பத்தரை, இங்கே இரவு ஒன்பது. அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரத்தில் காதில் இசையைப் போட்டுக் காத்திருக்க வைக்கிறார்கள். கடைசியாக 25 டொலர் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள், அடுத்த வேலைக்குப் பயன்படுத்தலாமாம். 385 டொலருக்கு 25 டொலர் கூப்பன்.

இதைவிடப் பெரிய அடி காப்புறுதி. எங்கள் ஒப்பந்தத்தில், குளிர்காலத்தில் நாலு நாளுக்கு மேல் வீட்டில் ஆள் இல்லையென்றால், ஒன்றில் தினமும் ஒருவர் உள்ளே போய் ஹீட்டிங் வேலை செய்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை அடைத்துப் பைப்புகளை வடித்திருக்க வேண்டும். கனடாவில் பல ஒப்பந்தங்களில் இந்த நிபந்தனை இருக்கிறது. வடித்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது வேறு யாருடையதோ வீட்டுச் சிவப்புக் கைப்பிடியின் படம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவும்.

முழுக் காசையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். படத்தை நம்பாதீர்கள், வீடியோவிலேயே வால்வை மூடச் சொல்லுங்கள், பிறகு வெளியே போய்ப் பைப்பைத் திறந்து தண்ணீர் வந்து பிறகு நின்றுபோவதைக் காட்டச் சொல்லுங்கள். உள் வால்வின் பக்கத்தில் சின்னப் பித்தளை மூடி இருந்தால் அதையும் திறந்து மிச்சத் தண்ணீரை வடிக்க வேண்டும். வெளிப் பைப் அதன் பிறகு திறந்தபடியே இருக்கட்டும். ஹோஸைக் கழற்றியாக வேண்டும். நுரை மூடி சூடு தராது, தண்ணீரை வடிக்காமல் அதை மட்டும் போட்டுப் பயனில்லை. அங்கே ஒரு சொந்தக்காரர் இருந்தால் இன்றே அவரை அனுப்பிப் பாருங்கள், பெப்ரவரிக் குளிர் இன்னும் மிச்சம் இருக்கிறது. காப்புறுதி ஒப்பந்தத்தில் நாலு நாள் நிபந்தனை இருக்கிறதா என்று உங்கள் முகவரிடம் இப்போதே கேளுங்கள்.

வால்வுப் படத்தில் சிவப்புக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு பச்சைப் பெயின்ட் வாளியும் பாதி கிழிந்த கலண்டரும் தெரிகிறது. அதே படம் உங்களில் யாருக்காவது வந்திருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். இரண்டு பேரிடம் ஒரே படம் இருந்தால் காப்புறுதிக்காரரிடமும் பொலிஸிலும் காட்டலாம்.