இல்லம் தேடும் பெற்றோருக்கு சி.கியூ.சி. அறிக்கை எவ்வளவு உதவும்?

இங்கிலாந்தில் 'லேர்னிங் டிசபிலிட்டி' என்பது எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் கற்றல் குறைபாடு அல்ல, அறிவுசார் குறைபாடு. அந்தக் குறைபாடுள்ள வளர்ந்த பிள்ளைக்குப் பராமரிப்பு இல்லம் தேடுகிறவர்கள் முதலில் திறப்பது பராமரிப்புத் தர ஆணையமான சி.கியூ.சி.யின் இணையதளத்தைத்தான். ஊர்ப் பெயரையோ போஸ்ட்கோடையோ போட்டால் அக்கம்பக்கத்து இல்லங்களின் ஆய்வறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். மதிப்பீட்டில் 'அவுட்ஸ்டாண்டிங்' (மிகச் சிறப்பு) தொடங்கி 'இன்அடிக்வட்' (போதாது) வரை நான்கு படிகள்.

இந்தச் சேவையின் பலம் அறிக்கையின் உள்பக்கங்கள். பலவீனம், எல்லோரும் முதலில் பார்க்கிற அந்த ஒற்றைச் சொல். 'குட்' என்று இருந்தால் ஆய்வு நடந்த தேதியைப் பாருங்கள். பல மதிப்பீடுகள் ஆண்டுக்கணக்கில் பழையவை என்று ஆணையத்தின் செயல்பாட்டைப் பற்றி 2024இல் பென்னி டாஷ் தலைமையில் நடந்த மீளாய்வே சொல்லியிருக்கிறது. அதற்குள் மேலாளர் மாறியிருக்கலாம், இரவு வேலைக்குத் தற்காலிக ஏஜென்சி ஆட்கள் வந்திருக்கலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்கியிருந்த வின்டர்போர்ன் வியூ மருத்துவமனையில் நடந்த கொடுமையை 2011இல் வெளிக்கொண்டு வந்தது பிபிசியின் மறைகேமரா. அங்கு வேலை பார்த்த ஒருவர் முன்பே எச்சரித்தும் ஆணையம் அசையவில்லை.

உள்ளே மருந்து பற்றிய பத்தியை இரண்டு முறை படியுங்கள். ஒவ்வொரு வேளை மருந்துக்கும் பதிவுத் தாளில் ஒரு கட்டம், அதில் கொடுத்தவரின் கையெழுத்து இருக்க வேண்டும். கட்டம் வெறுமையாக இருந்தால் மாத்திரை கொடுக்கவில்லையா, கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட மறந்தார்களா என்று அடுத்த ஷிப்டுக்குத் தெரியாது. வலிப்பு மருந்து தவறினாலும் ஆபத்து, இரட்டிப்பானாலும் ஆபத்து. பதற்றத்தைத் தணிக்கும் லோராசெபாம் போல 'தேவைப்பட்டால்' கொடுக்கும் மாத்திரைக்கு என்ன அறிகுறி தெரிந்தால் கொடுப்பது, அதற்கு முன் வேறு என்ன செய்து பார்ப்பது, 24 மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் குறைவான மாலைகளில் சத்தம் போடுகிறவருக்கெல்லாம் மாத்திரைதான் கிடைக்கும். தேவையில்லாத மனநல மருந்துகளைக் குறைக்க 2016இல் 'ஸ்டாம்ப்' என்று தனித் திட்டமே தொடங்க வேண்டி வந்தது.

மலச்சிக்கலைப் பற்றி அறிக்கைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத சிலருக்கு குடல் அடைத்து உயிரே போயிருக்கிறது. மலம் போன பதிவு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். எத்தனை நாள் போகாவிட்டால், யார், எந்த டாக்டரைக் கூப்பிடுவது என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவர் இருந்தால் சாப்பாடு, பானங்களின் பதத்தை 0 முதல் 7 வரை குறிக்கும் இட்ஸி எண் சமையலறையில் இருக்க வேண்டும். தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர் டப்பா மேசையில் திறந்து கிடக்கக் கூடாது, அதை அப்படியே வாயில் போட்டால் மூச்சு அடைக்கும்.

இன்னொன்று, தனி வாடகை வீட்டில் இருந்தபடி பராமரிப்புப் பெறும் 'சப்போர்ட்டட் லிவிங்' வீடுகளில் ஆணையம் பராமரிப்பை மட்டுமே ஆராயும், கட்டடம் அதன் பொறுப்பில் வராது. மாடிப்படியையும் குளியலறையையும் நீங்களே பார்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள், ஆள் பற்றாக்குறை அப்போதுதான் தெரியும்.

வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை என்றால் அறிக்கை கைவிரித்துவிடும். 'நோகுது' என்பது ஆங்கிலம் மட்டும் தெரிந்த பணியாளரின் காதில் வெறும் சத்தம். பிள்ளை சொல்லும் பத்துப் பதினைந்து சொற்களை ஆங்கில எழுத்தில், பொருளோடு எழுதி, பராமரிப்புத் திட்டத்தின் முதல் பக்கத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய், இரவுப் பணியில் இருப்பவரிடம் 'நோகுது' என்றால் என்ன என்று கேளுங்கள்.