கும்பகோணத்தில் ஒரு குடும்ப வக்கீல் ஆபீஸ்: ஏழெட்டு வருஷ அனுபவம்

தாத்தா வீட்டுப் பங்கு, தங்கையின் விவாகரத்து, அம்மாவின் உயில் என்று மூன்று விஷயத்துக்கும் எங்கள் வீட்டில் ஒரே ஆபீஸுக்குத்தான் போனோம். ஒரு சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான் ஆட்கள். குறை சொல்லவும் கொஞ்சம் இருக்கிறது என்பதால் பெயர் போடவில்லை.

முதலில் வீடு. அப்பா காலமான பிறகு அத்தை தன் பங்கைக் கேட்டார். வேறொரு வக்கீல், "அந்தம்மாவுக்கு 1989க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு, பங்கு கிடையாது, கேஸ் போட்டால் பார்த்துக்கலாம்" என்று தைரியம் கொடுத்திருந்தார். 1989 தமிழ்நாட்டுச் சட்டம் அதற்கு முன்பே கல்யாணமான மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரவில்லை, அதை வைத்துத்தான் அப்படிச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இந்த சீனியரோ மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் மேஜையில் விரித்து வைத்து, ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் படித்துவிட்டு, ஜெராக்ஸில் ஒரு வரியின் கீழ் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். தாத்தா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரையம் வாங்கியது என்ற வரி. "தம்பி, 1989 சட்டம், 2005 திருத்தம் எல்லாம் பூர்வீகச் சொத்துக்கான பேச்சு. இது சுயசம்பாத்தியம், உயிலும் இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சமம். கேஸ் நடத்தினால் எனக்கு ஃபீஸ் வரும், உங்களுக்கு ஒண்ணும் வராது." அம்மா வீடு வரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அப்புறம் தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அத்தையிடம் பேசி, அவர் பாதிக்குப் பணம் கொடுத்து, அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து முடித்தோம். கோர்ட் படியே மிதிக்கவில்லை. அத்தை இன்னும் பொங்கலுக்கு வருகிறார்.

தங்கை விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. மாப்பிள்ளை இருந்தது பெங்களூரில். மனைவி வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்பதால் அலைச்சல் மிச்சம். பரஸ்பர சம்மதம்தான், ஆனாலும் முதல் மனுவுக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதை யூடியூபில் பார்த்துவிட்டு நான் போய்க் கேட்டேன். மனுப் போடும்போதே பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை விஷயமெல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும், உங்கள் தங்கைக்கு ஒரு வருஷம்தானே ஆகிறது என்று ஜூனியர் அம்மா பொறுமையாகச் சொன்னார். 'முப்பதே நாளில் டைவர்ஸ்' என்று ஆசை காட்டுகிறவர்களுக்கு இது மேல். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, வேண்டுமானால் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம், 15100க்கு போன் செய்தாலும் சொல்வார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். தன் கட்சிக்காரரிடம் எத்தனை வக்கீல் இதைச் சொல்வார்?

இங்கேதான் ஆபீஸின் ஓட்டையும் தெரிந்தது. ஒரு வாய்தாவுக்குத் தங்கை லீவு போட்டு, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனால் ஜட்ஜ் லீவு. ஆபீஸுக்குக் காலையிலேயே தெரியுமாம், யாரும் ஒரு போன் போடவில்லை. குமாஸ்தாவைக் கேட்டால் "கேஸ் கட்டோட அலையறேன்மா" என்கிறார். அதற்குப் பிறகு, ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தரும் தனி அடையாள எண்ணான சிஎன்ஆர் நம்பரை வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்பில் நானே தேதி பார்த்துக்கொண்டேன். நீங்களும் முதல் நாளே அந்தப் பதினாறு இலக்கத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்து, அம்மா வீட்டில் தன் பங்கை எங்கள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதக் கிளம்பினார். சீனியர் என்னையும் தங்கையையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. செட்டில்மென்ட் எழுதினால் சொத்து இன்றே கை மாறிவிடும், உயில் என்றால் நினைத்தபோது மாற்றலாம், எழுதியே தீருவேன் என்றால் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையாவது பத்திரத்தில் சேருங்கள், பிள்ளைகள் கைவிட்டால் 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போய் ரத்து கேட்க அதுதான் பிடி என்றாராம். அம்மா இரண்டு சாட்சிகளை வைத்து உயில் எழுதிவிட்டு வந்தார். யாருக்கு எவ்வளவு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஃபீஸ் ஊர் நிலவரம்தான், அதில் குறையில்லை. ஆனால் ரசீது கேட்டால்தான் வரும். ஃபீஸுக்கு மேல் குமாஸ்தா 'செலவு' என்று வாங்கும் சில்லறைக்குக் கேட்டாலும் வராது, டைப்பிங், முத்திரை, ஜெராக்ஸ் எல்லாம் அந்த ஒரே வார்த்தைக்குள் அடக்கம். சாயங்காலம் போன் எடுப்பதும் அபூர்வம். செக் மோசடி, போலீஸ் கேஸ் மாதிரி விஷயங்களுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுகிறார்கள். குடும்பத்துக்குள் சொத்துத் தகராறு என்றால் தாராளமாகப் போகலாம், ஃபீஸையும் இதர செலவையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டு. எங்கள் வீட்டுப் பட்டா பெயர் மாற்றம் மட்டும் இன்னும் அந்த குமாஸ்தாவின் பையில்தான் கிடக்கிறது, அடுத்த வாரம் என்கிறார்.